பனி விடியலில் வராத தண்ணீர்

தை பிறந்தால் பத்திரிகைகளில் ஒரு படம் தவறாமல் வரும். நுவரெலியா குதிரைப் பந்தயத் திடலில் வெள்ளை விரித்தாற்போலப் பனி கிடக்கும். அதன் மேல் கம்பளிச் சட்டையும் தொப்பியும் போட்ட உல்லாசப் பயணிகள் நின்று சிரிப்பார்கள். ‘குட்டி இங்கிலாந்து’ என்று கீழே எழுதியிருப்பார்கள். அதே காலையில், அதே பனியில், இரண்டு மைல் தள்ளியிருக்கும் லயத்துக் குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்ணைப் படம் பிடிக்க யாரும் வருவதில்லை. குழாயைத் திறக்கிறாள், தண்ணீர் இல்லை. தட்டிப் பார்க்கிறாள், காற்று கூட வரவில்லை. உள்ளே தண்ணீர் உறைந்து கிடக்கிறது.

தாழ்ந்த பகுதித் தோட்டங்களில் இருக்கும் தோழர்கள் இதைக் கேட்டு வியக்கலாம். இலங்கையில் குழாய் உறையுமா என்று கேட்கலாம். உறையும். நுவரெலியா, கந்தப்பளை, சீதாஎலிய, அம்பேவளை, பட்டிபொல பக்கத்துத் தோட்டங்களில் மார்கழி கடைசியிலிருந்து மாசி வரை சில விடியல்களில் இது நடக்கிறது. அக்கரப்பத்தனை, டயகம மேல் மலைகளிலும் உறைபனி விழும் நாட்கள் உண்டு. எல்லாக் குழாயும் உறைவதில்லை. மண்ணுக்கு மேலே புல்லில் கிடக்கிற குழாய்தான் உறைகிறது. நாம் இந்த இதழில் பேச வந்தது அந்தக் குழாயைப் பற்றித்தான்.

வானொலியில் நுவரெலியாவில் 4 பாகை என்று சொன்ன காலையிலும் புல் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வானொலி பொய் சொல்லவில்லை. வெப்பமானியை நிலத்திலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில் பெட்டிக்குள் வைத்துத்தான் அளக்கிறார்கள். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலம் பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. அப்போது நாலடி உயரத்துக் குளிரைவிடப் புல்மட்டத்துக் குளிர் பல பாகை கூடுதலாக இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது. அது மலையிலிருந்து கானில் தண்ணீர் இறங்குவது போல இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். நம்முடைய லயங்கள் பல ஆற்றோரப் பள்ளத்தில்தான் இருக்கின்றன. அதனால் மேட்டு பங்களாவில் பனி விழாத நாளிலும் லயத்து முற்றத்தில் விழும்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கிறது. குழாய் முழுவதும் உறைய வேண்டியதில்லை. புல்லின் மேல் கிடக்கும் ஓரிடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு உறைந்தாலே போதும், அது தக்கை அடித்தது போல நின்றுவிடும். அந்தத் தக்கைக்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவில் அகப்பட்ட தண்ணீர் போக இடமில்லாமல் நெருக்கும். வெடிப்பு விழுவது பெரும்பாலும் அங்கேதான். குளிர் நாடுகளைப் போல நம் ஊரில் குழாய் வெடித்துச் சிதறுவது அரிது. பூட்டு மெல்லக் கழன்று கசியும். குளிரில் விறைத்துப்போன பி.வி.சி. குழாய், பிள்ளையின் கால் பட்டாலே கீறும். பனி உருகிய பிறகு அங்கே தண்ணீர் ஒழுகி ஓடும். இதே மாதங்கள்தான் நமக்கு மழையில்லாத மாதங்கள். ஊற்று மெலிந்து டேங்கி பாதிகூட நிறையாத காலத்தில் ஒரு கீறலில் இராத்திரித் தண்ணீரெல்லாம் போய்விடும்.

இதனால் யாருக்கு என்ன நட்டம்? கணக்குப் பார்ப்போம்.

விடியற்காலை நாலரைக்கு எழும் பெண்ணுக்குத் தேத்தண்ணி வைக்க, சோறு ஆக்க, பிள்ளைகளைக் கழுவ, தான் கழுவ, கொழுந்து மலைக்குக் கொண்டுபோகும் போத்தலை நிரப்பத் தண்ணீர் வேண்டும். குழாய் உறைந்தால் வெயில் ஏறும்வரை அது திறக்காது. கிழக்குப் பார்த்த லயமாக இருந்தால் ஏழரைக்கு இளகும். மலை மறைத்த லயமாக இருந்தால் ஒன்பது மணி ஆகும். பிரட்டு அதற்காகக் காத்திருப்பதில்லை. எனவே அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்கரைக்கு ஓடுகிறாள். அங்கே பீலியும் சொட்டுச் சொட்டாக விழுந்தால், அதற்கும் கீழே ஓடைக்கு இறங்குகிறாள். பனி விழுந்த படிக்கட்டு எண்ணெய் பூசியது போல வழுக்கும். ஓடைத் தண்ணீர் மேலேயிருக்கும் மரக்கறித் தோட்டத்தையும் மாட்டுப்பட்டியையும் கடந்து வந்தது. அதைக் கொதிக்க வைக்காமல் குடித்தால் வயிற்றோட்டமும் மஞ்சட்காமாலையும் வீட்டுக்குள் வரும். இவ்வளவையும் முடித்துக்கொண்டு பிரட்டுக்கு வந்தால் நேரம் பிந்திவிட்டது என்பார்கள். சில தோட்டங்களில் திருப்பி அனுப்புகிறார்கள். சில தோட்டங்களில் அரைப்பேர். குழாயை மேலே போட்டது நிர்வாகம். பெயர் வெட்டுப்படுவது அவளுக்கு.

பாடசாலையிலும் இது தெரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதக் காலையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மணி அடித்து முக்கால் மணித்தியாலம் கழித்து வந்தது. முகம் கழுவவில்லை, தலை வாரவில்லை. நானும் எல்லா ஆசிரியரையும் போலக் கோபப்பட்டு வாசலில் நிறுத்தினேன். பிள்ளை ஒன்றும் பேசாமல் புத்தகப் பையைத் திறந்து, ஒரு பொலித்தீன் பையில் சுற்றிய விரல் நீளப் பனிக்கட்டியைக் காட்டியது. கறுப்பு ஓஸ் குழாயை வெட்டி அப்பா எடுத்தாராம். “சேர், இதுதான் எங்க தண்ணி” என்றது. அன்றைக்கு விஞ்ஞானப் பாடத்தை அந்தக் கட்டியை வைத்தே நடத்தினோம். வாசலில் நிறுத்தியதற்கு நான் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதைச் சக ஆசிரியர் சிலர் இன்னும் கேலியாகச் சொல்வார்கள். சொல்லட்டும்.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

கைபேசியில் தேடிப் பார்த்த இளைஞர்கள் சிலர், குழாயை இரவு முழுவதும் கொஞ்சமாகத் திறந்து ஒழுக விட்டால் உறையாது என்கிறார்கள். பொய்யல்ல, ஓடும் தண்ணீர் எளிதில் உறையாது. ஆனால் அது தண்ணீர் தாராளமாக உள்ள ஊருக்குச் சொன்ன வழி. ஒரு குழாய் மணித்தியாலத்துக்கு ஒரு பத்து லீற்றர் பக்கெட் நிறையும் அளவுக்கு ஒழுகினால், இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை 90 லீற்றர். ஒரு லயத்தில் பத்துக் குழாய் என்றால் 900 லீற்றர். தை மாதத்தில் எந்த டேங்கியில் அவ்வளவு தண்ணீர் சும்மா ஊற்ற இருக்கிறது? மேல் லயம் ஒழுக விட்டால் கீழ் லயத்துக்குக் காலையில் தண்ணீர் இல்லை. அப்புறம் பனியை மறந்துவிட்டு நமக்குள்ளேயே சண்டை. இந்த வழி நமக்கு வேண்டாம்.

நமக்கு ஏற்ற வழி, இரவில் குழாயை வெறுமையாக்குவது. டேங்கியிலிருந்து லயத்துக்கு வரும் வழியில் கேட் வால்வு இருந்தால், இரவு எல்லோரும் தண்ணீர் பிடித்து முடித்தபின் அதை மூடிவிட்டு, ஆகக் கீழே இருக்கும் குழாயையும் ஆக மேலே இருக்கும் குழாயையும் திறந்துவிட வேண்டும். மேலே காற்று போனால்தான் கீழே தண்ணீர் இறங்கும். அரை அங்குலக் குழாய் நூறு மீற்றருக்கு உள்ளே இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 13 லீற்றர்தான். ஒரு பெரிய பக்கெட்டில் பிடித்து வைத்துக்கொள்ளலாம், வீணும் இல்லை. உள்ளே தண்ணீர் இல்லாத குழாயைப் பனி என்ன செய்யும்? காலையில் வால்வைத் திறந்தால் போதும். குழாய் வழியில் குழிவாக வளைந்த இடம் இருந்தால் அங்கே மட்டும் தண்ணீர் தங்கும். அந்த இடத்தைக் கல் வைத்து உயர்த்திச் சரிவாக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. இரவு எட்டரைக்கும் காலை நாலரைக்கும் வால்வுக்குப் போய் வருவதும் வேலைதான். தோட்டத்தில் தண்ணீர் பார்க்கும் தொழிலாளி இருந்தால் அவருக்கு இந்த நேரத்துக்குரிய கொடுப்பனவு வேண்டும். இல்லாத தோட்டத்தில் ஒருவரை நியமிக்கக் கேட்க வேண்டும். லயத்துப் பெண்கள் முறை போட்டுச் செய்துகொள்ளட்டும் என்று நிர்வாகம் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே இரண்டு பேருடைய வேலையைச் செய்கிறார்கள்.

வால்வு இல்லாத இடத்தில் குழாய்க்குப் போர்வை போடலாம். பழைய கம்பளி, கிழிந்த சாக்கு, கந்தல் துணி, காய்ந்த மானாப்புல் எதுவானாலும் சரி, நாலு விரல் தடிப்பில் குழாயைச் சுற்றிக் கட்டுங்கள். முக்கியமானது அது காய்ந்திருக்க வேண்டும். ஈரச் சாக்கு போர்த்துவது போர்த்தாமல் விடுவதைவிடக் கேடு. அதனால் அதற்கு மேல் பொலித்தீனோ கழுவிய உரப்பையோ சுற்றி, பனி நீர் உள்ளே இறங்காமல் மேல்பக்கத்தை இறுகக் கட்ட வேண்டும். தண்ணீர் விழும் வாயை மட்டும் திறந்து விடுங்கள். குழாயின் பித்தளைத் தலையையும் அது நிற்கும் இரும்புக் காலையும் மறந்துவிட வேண்டாம். உலோகம் பிளாஸ்டிக்கைவிட வேகமாகச் சூட்டை விட்டுவிடும். கிருமிநாசினி வந்த பையையோ கேனையோ தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது.

போர்வை சூடு உண்டாக்காது. இருக்கும் சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் பகலும் இரவும் உறைகிற நாட்டில் அது போதாது. நமக்குப் போதும். நம் ஊர்ப் பனி நள்ளிரவுக்குப் பின் இறங்கி வெயில் வந்ததும் போய்விடுகிறது. அந்த நாலைந்து மணித்தியாலத்தைத் தள்ளிவிட்டால் நாம் வென்றோம்.

உறைந்தே போனால் நெருப்புக் காட்ட வேண்டாம். சூள் கொளுத்திக் குழாயடியில் பிடித்து, பிளாஸ்டிக் உருகி, அதன் பின் இரண்டு கிழமை தண்ணீரில்லாமல் இருந்த லயத்தை நாம் அறிவோம். கொதிநீரையும் ஊற்றக் கூடாது. திடீர்ச் சூட்டில் விறைத்த குழாய் கீறும், பக்கத்தில் நிற்கும் பிள்ளை மேலும் தெறிக்கும். முதலில் குழாய்வாயைத் திறந்து வையுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, வாய்ப்பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஒற்றடம் கொடுத்து வாருங்கள். உருகும் தண்ணீர் வெளியே வர வழி இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்த ஒழுங்கு. அடுப்படியில் ஒரு குடம் தண்ணீரை முதல் நாள் இரவே மூடி வைத்துவிட்டால் தேத்தண்ணிக்கும் ஒற்றடத்துக்கும் ஆகும்.

இவ்வளவும் இந்த மாதத்துக்கான வைத்தியம். நோய் வேறு.

குளிர் நாடுகளில் நிலமே பல அடி ஆழத்துக்கு உறைகிறது. அங்கே குழாயை அதற்கும் கீழே, ஆள் நிற்கும் ஆழத்துக்குத் தோண்டிப் போடுகிறார்கள். நுவரெலியாவில் உறைவது புல்நுனி. அதற்குக் கீழே ஓரடி போனால் நடுச்சாமத்திலும் மண் வெதுவெதுப்பாக இருக்கும். முள்ளுக் குத்தும் தோழர்களுக்கு அது கையாலேயே தெரியும். ஆக, ஓரடி, அதிகம் போனால் ஒன்றரையடி ஆழத்தில் குழாயைப் புதைத்தால் நம் ஊரில் அது ஒருபோதும் உறையாது. வெயிலில் காய்ந்து உடையாது. மம்பட்டி வெட்டு விழாது. மாடு மிதிக்காது. நூற்றைம்பது ஆண்டுகளாக இந்த மலைகளில் கானும் ரோட்டும் வெட்டிய சனம் நாம். டேங்கியிலிருந்து லயம் வரை ஓரடிக் குழி வெட்டுவது சில நாள் வேலை. அந்தச் சில நாள் பெயரைச் செலவுக் கணக்கில் போட மனமில்லாததால்தான் குழாய் மேலே கிடக்கிறது. தவறணையில் இருக்கும் தேயிலைக் கன்றுக்கு நிழலும் பந்தலும் போட்டுப் பார்க்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, குடிதண்ணீர்க் குழாய்க்கு மண் போடத் தெரியாது என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள்.

கேட்டால் ஒரு வாசலில் நின்று அடுத்த வாசலைக் காட்டுவார்கள். இது நமக்குப் பழகிய ஆட்டம். ஆகவே எந்த வாசலில் என்ன கேட்பது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. காணியும் லயமும் தோட்டத்தின் பொறுப்பில் இருக்கும்வரை முதல் கடிதம் தோட்ட அதிகாரிக்கு. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனபோது, அதே ஆண்டில் தோட்டக் குடியிருப்பு, சுகாதார வேலைகளுக்கென்று தொடங்கியதுதான் இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். தண்ணீர்த் திட்டங்கள் அதன் வேலைக்குள் வருகின்றன. இரண்டாவது பிரதி அதற்கு. மூன்றாவது பிரதி பிரதேச சபைக்கு. “தோட்டத்துக்குள் சபை செலவு செய்யச் சட்டம் இடம் கொடுக்காது” என்ற பழைய பதில் இப்போது செல்லாது. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை நிதியைச் செலவிட வழி திறந்தது. சபைக்கு நாமும் வாக்குப் போடுகிறோம். நம் வாக்கில் போன உறுப்பினரிடம் இந்தத் திருத்தத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றால் சொல்லிக் கொடுங்கள்.

கடிதத்தில் மூன்று கோரிக்கைகள் போதும். டேங்கியிலிருந்து லயம் வரை குழாயைப் புதைத்துத் தர வேண்டும், புதைக்கும் வேலைக்கு நம் தொழிலாளருக்கே பெயர் போட வேண்டும். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு கேட் வால்வும் அதைப் பார்க்க ஓர் ஆளும் வேண்டும். உறைபனி விழுந்த காலையில் தண்ணீரால் பிந்தி வந்தவர்களுக்குப் பிரட்டில் பெயர் வெட்டக் கூடாது. மூன்றாவதைத்தான் நிர்வாகம் கடுமையாக மறுக்கும். உறைபனி விழுந்ததற்கு என்ன அத்தாட்சி என்பார்கள். பனியில் கருகிய கொழுந்துக்குக் கணக்கு எழுதும்போது அந்த அத்தாட்சி அவர்களிடமே இருக்கும். எந்த மலையில் எத்தனை ஏக்கர் எந்தத் தேதியில் கருகியது என்று ஒப்பிஸில் எழுதி வைத்திருப்பார்கள். அதே தேதிகளைத்தான் நாமும் கேட்கிறோம். கருகிய மலையில் வழமையான கிலோ எடுக்க முடியாது என்பதும் அதே கணக்கில் வரும். அதை அடுத்த இதழில் தனியாக எழுதுவோம்.

நம் பக்கத்திலும் ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டாம். சில லயங்களில் பிரதான குழாயைத் துளைத்து, தங்கள் காம்பராவுக்கு மட்டும் கறுப்பு ஓஸ் இழுத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டுகள் ஒன்றும் சரியாக இறுக்கப்படவில்லை. உறைவதும் கழல்வதும் அங்கேதான் முதலில். ஏன் இழுத்தார்கள் என்பதும் தெரியும், பொதுக் குழாயில் ஒரு மணித்தியாலம் நிற்க வேண்டியிருந்ததால் இழுத்தார்கள். ஆனாலும் நிர்வாகத்தோடு பேசப் போகும்போது அவர்கள் முதலில் காட்டப்போவது அந்த ஓஸைத்தான். லயத்துக் கூட்டத்தில் உட்கார்ந்து, சண்டையில்லாமல், அவற்றைப் புதிய வரிசைக்குள் கொண்டுவருவது எப்படி என்று முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

தோட்டத் தலைவர்கள் இந்த இதழ் கையில் கிடைத்த நாளிலேயே ஒரு கொப்பியை எடுத்து லயத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். உறைபனி விழுந்த தேதி, எந்தக் குழாய் வரவில்லை, எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, யார் யார் பிந்தினார்கள், யாருக்கு அரைப்பேர் விழுந்தது என்று மட்டும் எழுதினால் போதும். எழுதுவதற்கு மாதர் சங்கத் தலைவிகளே பொருத்தமானவர்கள். குழாயடியில் முதலில் நிற்பவர்கள் அவர்கள்தான். எழுத நேரமில்லை என்றால் பாடசாலையில் படிக்கும் மூத்த பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். மாசி முடியும்போது அந்தக் கொப்பியைச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவோம்.